பியானோ வாசித்துக்கொண்டே பாடும் ஜாஸ் பாணியைப் படிக்க டயானா க்ரால் நல்ல முன்மாதிரியா? எங்கிருந்து தொடங்குவது?

நல்ல முன்மாதிரிதான். ஆனால் குரலை விட்டுவிட்டு முதலில் கையைக் கேளுங்கள். க்ரால் அடிப்படையில் பியானோக்காரர். பாட்டு அப்புறம் சேர்ந்தது.

1964ல் கனடாவின் மேற்குக் கரையில் நனைமோ என்ற ஊரில் பிறந்தவர். நாலு வயதில் பியானோ, 15 வயதில் உள்ளூர் உணவகங்களில் வாசிப்பு, பிறகு உதவித்தொகையில் பாஸ்டனின் பெர்க்லீ இசைக் கல்லூரி. அதன் பின் லாஸ் ஏஞ்சலஸில் ஜிம்மி ரௌல்ஸ் என்ற பியானோக்காரரிடம் படித்தார். பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பெரிய ஜாஸ் பாடகிகள் இருவருக்கும் பக்கம் வாசித்த கை அது. 'நீ பாடவும் செய்' என்று ஊக்கப்படுத்தியவரும் அவரே. க்ராலின் பியானோ பாட்டு வரியின் மேல் ஏறாமல் ஒதுங்கி நிற்பதில் அந்தப் பள்ளிக்கூடம் தெரியும்.

முதல் ஆல்பம் 1993. நீங்கள் அங்கே தொடங்க வேண்டாம். 1996ல் பியானோ வாசித்துப் பாடிய நாட் கிங் கோலின் டிரையோவுக்கு (மூவர் குழு) காணிக்கையாக வந்த 'ஆல் ஃபார் யூ'வை எடுங்கள். பியானோ, ரஸ்ஸல் மலோனின் கிட்டார், பால் கெல்லரின் பாஸ் (தாழ்சுரத் தந்தி வாத்தியம்), பெரும்பாலும் அவ்வளவுதான். டிரம்ஸ் இல்லாததால் இடது கை என்ன செய்கிறது என்பது பளிச்சென்று கேட்கும். 1999, 2001 ஆல்பங்களில் ஜானி மாண்டெல், க்ளாஸ் ஓகர்மான் ஆகியோர் அமைத்த ஆர்கெஸ்ட்ரா இசை வந்துவிடுகிறது. கிராமியும் பெரும்புகழும் அந்தக் காலத்தில்தான். கேட்க அருமை, ஆனால் பாடம் படிக்க அடர்த்தி அதிகம். பாரிஸ் ஒலிம்பியா அரங்கில் பதிவாகி 2002ல் வந்த நேரலை ஆல்பத்தில் பியானோ தனி ஆவர்த்தனங்கள் நீளம், அது அடுத்த வகுப்பு. டேவிட் ஃபாஸ்டர் தயாரித்த 2015 பாப் ஆல்பத்தை இந்த வேலைக்குத் தாராளமாகத் தவிர்க்கலாம்.

இனி கைவேலை. பாஸ் வாசிப்பவர் இருந்தால் கார்டின் (chord, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) அடிச்சுரத்தை அவரிடம் விட்டுவிடுங்கள். இடது கையில், அடிச்சுரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவது, ஏழாவது சுரங்கள் மட்டும் போதும். டி மைனர் செவன்த், ஜி செவன்த், சி மேஜர் செவன்த் என்ற வரிசைக்கு எஃப்-சி, எஃப்-பி, இ-பி. கவனித்தீர்களா, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு விரல்தான் நகர்கிறது. பாடும் மூளைக்கு அந்த ஓய்வு தேவை. பாஸ் இல்லாமல் தனியாக வாசித்தால் இந்தக் கணக்கு செல்லாது, அடிச்சுரமும் உங்கள் பொறுப்பு.

வலது கை, வரி ஓடும்போது சும்மா இருக்கட்டும். வரி முடிந்து மூச்சு வாங்கும் இடத்தில் இரண்டு மூன்று சுரம் போதும். பாடும் மெட்டையே வலது கையிலும் வாசிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் குரலைத் தாளத்துக்குப் பின்னால் இழுக்கவே முடியாது, கை பிடித்து நிறுத்திவிடும்.

அந்தப் பின்னால் இழுப்பதுதான் க்ராலின் முத்திரை, கடினமும் அங்கேதான். குரல் தாமதிக்கும்போது கையும் சேர்ந்து தாமதித்தால் பாட்டே தொய்ந்துவிடும். மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60ல் வைத்து, அந்தத் தட்டுகளை நாலு எண்ணிக்கைத் தாளத்தின் 2, 4 என்று எண்ணுங்கள் (பாட்டின் வேகம் அப்போது 120). முதலில் கையை மட்டும் ஓடவிட்டு மேலே வரிகளைப் பேசுங்கள். பேச்சு முன்பின் போனாலும் கை அசையாமல் ஓடினால் பிறகு பாடலாம்.

சுருதியை மூலப் பதிவில் இருப்பது போலவே வைக்காதீர்கள். க்ராலின் குரல் கான்ட்ரால்டோ, பெண் குரல்களிலேயே தாழ்ந்த வகை. பேசும் குரலுக்கு ஒட்டிய இடத்தில் உங்களுக்கு எது வருகிறதோ அதுதான் உங்கள் சுருதி.

மேடையில் மைக்கைப் பூம் ஸ்டாண்டில் பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து, அதன் முதுகு பியானோவின் கம்பிகளைப் பார்க்கும்படி வையுங்கள். கார்டியாய்டு வகை (முன்பக்க ஒலியை அதிகமாகவும் பின்பக்க ஒலியைக் குறைவாகவும் பிடிக்கும் மைக்) என்றால் பியானோ ஒலி குரல் மைக்கில் குறைவாகவே புகும். உயரம், நிமிர்ந்து உட்கார்ந்தால் வாய்க்கு நேராக. தாழ்வாக வைத்தால் கழுத்து வளைந்து, இரண்டாவது பாட்டிலேயே குரல் அடைக்கும்.