வாசகர் கேள்வி–பதில்: பரணில் கிடக்கும் பென்டியம் 4

கேள்வி: 2004இல் ரிச்சி தெருவில் வாங்கிய பென்டியம் 4 கணினி எங்கள் பரணில் கிடக்கிறது. அதன் பில்லில் 3 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. மகன் அண்மையில் வாங்கிய மடிக்கணினியிலோ 2.4 என்றுதான் போட்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் வேகம் குறைந்தா போயிற்று?
— வாசகி, பெரம்பூர்

பதில்: கிகாஹெர்ட்ஸ் என்பது கணினியின் மூளையான செயலியின் (புராசசர்) கடிகாரம் நொடிக்கு எத்தனை நூறு கோடி முறை துடிக்கிறது என்பதை மட்டுமே காட்டும், ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதைக் காட்டாது. 2000 நவம்பரில் பென்டியம் 4ஐ வெளியிட்டபோது, ஒரு கட்டளையை நிறைவேற்றும் பணியை இன்டெல் 20 சிறு படிகளாகப் பிரித்திருந்தது. பென்டியம் 3இல் ஏறத்தாழ பத்துப் படிகள்தான். படி சிறியதானால் துடிப்பை விரைவாக்கலாம். வீட்டுக்குத் தளம் போடும் நாளில் சாரத்தில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுகிறார்களே, அதைப் போன்றது இது. ஆள் கூடினால் ஒவ்வொரு கையும் விரைவாக நகரும். ஆனால், மேலே நிற்கும் மேஸ்திரி 'இந்தக் கலவை வேண்டாம்' என்று சொல்லிவிட்டால், வரிசையில் வரும் அத்தனை சட்டியும் வீண். நிரலில் பாதை பிரியும் இடங்களில் செயலி எந்தப் பக்கம் போவது என்று ஊகித்தே முன்னேறுகிறது. ஊகம் தவறினால் நீண்ட வரிசைக்கு நட்டமும் அதிகம்.

2004 பிப்ரவரியில் வந்த பிரெஸ்காட் என்ற பென்டியம் 4 வகையில் படிகள் 31 ஆயின. சில்லுக்குள் வீணாகக் கசியும் மின்சாரமும் கூடியதால், அதன் வேகமான மாதிரிகளின் வெப்பம் 100 வாட்டைத் தாண்டியது. உங்கள் பெட்டியைத் திறந்தால், உள்ளங்கை அளவு அலுமினியத் தகடுகளும் அவற்றின் மேல் தூசி அப்பிய விசிறியும் தெரியும். சென்னை வெயிலில் அந்த விசிறி போட்ட இரைச்சலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆண்டு அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் மாதிரியை இன்டெல் கைவிட்டது. வெறும் விளம்பரத்துக்காகச் செய்த வடிவமைப்பு என்று பலர் பென்டியம் 4ஐப் பழிப்பது முழு நியாயமல்ல. காணொளியை உருமாற்றுவது போன்ற சீரான வேலைகளில் பென்டியம் 4 நன்றாகவே ஓடியது.

2006 ஜூலையில் வந்த இன்டெலின் கோர் 2 டுவோ செயலி, மடிக்கணினிக்கான பென்டியம் எம் வழியில் வந்தது. படிகள் 14, கட்டளைகளை நிறைவேற்றும் கருக்கள் (கோர்) இரண்டு. அதன் 2.4 கிகாஹெர்ட்ஸ் மாதிரி, 65 வாட் வரம்புக்குள் இருந்துகொண்டே உங்கள் 3 கிகாஹெர்ட்ஸை எளிதாக முந்தியது. உங்கள் மகனின் மடிக்கணினியில் போட்டிருக்கும் 2.4 பெரும்பாலும் அடிப்படை வேகமாகத்தான் இருக்கும். வேலை வரும்போது அது தானே உயரும்.

கேள்வி: பழைய பில் ஒன்றில் 'அத்லான் எக்ஸ்பி 1800+' என்று இருக்கிறது. அது 1800 மெகாஹெர்ட்ஸா?
— வாசகர், வேளச்சேரி

பதில்: இல்லை, 1533 மெகாஹெர்ட்ஸ். 2001 அக்டோபரில், இன்டெலின் போட்டியாளரான ஏ.எம்.டி. நிறுவனம் தன் அத்லான் செயலிகளுக்கு இப்படி எண்ணிடத் தொடங்கியது. தன் முந்தைய அத்லானோடு ஒப்பிட்ட எண் என்பதே அது தந்த விளக்கம். வாங்கியவர்களோ அதை 1.8 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4க்கு நிகரென்றே படித்தார்கள்.