தவளை, சிங்கம், செம்பனை: முத்திரைகளை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: என் பாட்டி ஹட்டன் பக்கம் கொழுந்து பறித்தவர். பேரங்காடியில் இலங்கைத் தேயிலை வாங்கும்போது பச்சைத் தவளை முத்திரை போட்ட பெட்டியையே எடுக்கிறேன். நான் கொடுக்கும் கூடுதல் காசு தோட்டத்தில் வேலை செய்பவர் கைக்குப் போய்ச் சேருமா? (செங்காங் வாசகி)

பதில்: நேராகக் கைக்குப் போகாது. தவளை, ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் அமைப்பின் முத்திரை. காடு, தண்ணீர், பூச்சிமருந்துப் பயன்பாடு, குழந்தைத் தொழிலாளர் தடை, சட்டப்படியான கூலி ஆகியவற்றை வெளியார் தணிக்கை செய்கிறார்கள். தேயிலையை வாங்கும் நிறுவனம் தோட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல் தொகை தர வேண்டும் என்றும் விதி உண்டு. எவ்வளவு என்பது பெரும்பாலும் இரு தரப்பும் பேசி முடிப்பதுதான்.

'சட்டப்படியான கூலி' என்பதில்தான் சிக்கல். இலங்கைத் தோட்டங்களில் நாட்கூலி 1,000 ரூபாய் என்று ஆனதே 2021இல்தான். 2024இல் அது 1,350 ஆனது. இத்தனை கிலோ கொழுந்து பறிக்க வேண்டும் என்ற கணக்கில் குறைந்தால் 'அரைப்பேர்' (பாதி நாள் கூலி) போடும் பழக்கம் உங்கள் பாட்டிக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். சட்டம் கேட்பதே குறைவு என்றால், அதைக் கடைப்பிடித்ததற்கான முத்திரை மட்டும் எவ்வளவு பெரிதாகிவிடும்?

அதே பெட்டியில் வாளேந்திய சிங்கம் இருந்தால், அது இலங்கைத் தேயிலை வாரியத்தின் முத்திரை. முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொட்டலம் கட்டியது என்று பொருள். கூலிக்கும் சிங்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. இரண்டையும் ஒன்றாகப் பார்த்து ஏமாறாதீர்கள்.

என்னைக் கேட்டால், ஃபேர்டிரேட் முத்திரை இருக்கும் தேயிலை கிடைத்தால் அதை எடுப்பேன். அதில் ஒவ்வொரு கிலோவுக்கும் தனியாக ஒரு தொகை போகிறது. அதைப் பள்ளிச் செலவுக்கா, வீடு பழுதுபார்க்கவா, எதற்குச் செலவிடுவது என்பதைத் தோட்டத் தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த குழு முடிவு செய்கிறது. முத்திரைக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி இருந்தால் பெட்டியின் பின்பக்கத்தைப் படியுங்கள். தேயிலை, கோக்கோ, சர்க்கரை போன்றவற்றில் சான்று பெற்ற சரக்கையும் மற்றதையும் கலந்து, கணக்கில் மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

கேள்வி: தீபாவளிப் பலகாரத்துக்கு எண்ணெய் வாங்கப் போனேன். செம்பனை எண்ணெய்ப் புட்டி ஒன்றில் பனையோலை போன்ற முத்திரை, அதன்மேல் 'மிக்ஸ்ட்' என்று இருந்தது. விலை இரண்டு வெள்ளி அதிகம். தேவையா? (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: அது ஆர்எஸ்பிஓ முத்திரை. நிலைத்தன்மையான செம்பனை எண்ணெய்க்குச் சான்று தரும் இந்த அமைப்பு 2004இல் தொடங்கியது. முத்திரையில் இருக்கும் வார்த்தையைப் பார்ப்பதுதான் முக்கியம். 'சர்டிஃபைட்' என்றால் புட்டிக்குள் இருப்பது சான்று பெற்ற தோட்டங்களிலிருந்து வந்த எண்ணெய். 'மிக்ஸ்ட்' என்றால் ஆலையில் மற்ற எண்ணெயோடு கலந்துவிட்டது. சான்று பெற்ற எண்ணெயை வாங்கிய அளவுக்கு மேல் சான்றுடன் விற்கக் கூடாது, அவ்வளவுதான். 'கிரெடிட்ஸ்' என்றால் புட்டிக்குள் இருக்கும் எண்ணெய்க்கும் அந்தத் தோட்டத்துக்கும் தொடர்பே இல்லை. சான்று பெற்ற தோட்டத்துக்குப் பணம் மட்டும் போகிறது. முத்திரையோடு இருக்கும் உரிம எண்ணை அவர்கள் இணையத்தளத்தில் தேடினால் நிறுவனத்தின் பெயர் வரும்.

'சர்டிஃபைட்' என்றால் இரண்டு வெள்ளி கொடுக்கலாம். 'மிக்ஸ்ட்' புட்டிக்கு நான் ஐம்பது காசுக்கு மேல் கொடுக்க மாட்டேன். அதற்காக அது வீண் என்று சொல்லவில்லை.

'நாம் கேட்டு என்ன ஆகப்போகிறது' என்று நினைப்பவர்களுக்கு 2015 நினைவிருக்கும். இந்தோனேசியத் தோட்டங்களிலும் காடுகளிலும் பற்றிய தீயால் வந்த புகைமூட்டத்தால் செப்டம்பர் 25ஆம் தேதி இங்கே பள்ளிகளையே மூடினார்கள். அடுத்த மாதம் சிங்கப்பூர்ச் சுற்றுச்சூழல் மன்றம், அந்தத் தீயோடு தொடர்புபடுத்திப் பேசப்பட்ட ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் என்ற காகித நிறுவனத்தின் விநியோகிப்பாளருக்கான பச்சை முத்திரையைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஃபேர்பிரைஸ் பேரங்காடி அந்த நிறுவனத்தின் காகிதப் பொருள்களை அலமாரிகளிலிருந்து எடுத்துவிட்டது. மெல்லிழைத்தாள் எங்கிருந்து வருகிறது என்று யாரும் அதிகம் யோசிக்காத ஊரில் இது நடந்தது. இப்போதும் கடை மேலாளரிடம் 'இந்த எண்ணெய் எந்த வகைச் சான்று?' என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தலைமை அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள், அல்லது நீங்களே எழுதுங்கள்.

கேள்வி: 'நேர்மையான முறையில் பெறப்பட்டது' என்று விளம்பரம் செய்து விற்ற பொருள் அப்படியில்லை என்று தெரிந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? (ஜூரோங் வாசகி)

பதில்: பொய்யான கூற்று, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின்படி நியாயமற்ற செயல். முதலில் கடையிடம் எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் போகலாம். அடுத்தது சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளிவரை கோரலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000வரை. இரண்டு ஆண்டுக்குள் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். ஆதாரம்தான் கடினம். விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் மறுநாளே பலகையை மாற்றிவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.