துறவிங்க மேல என்ன கோபம்?

அன்புள்ள அக்கா,

ஆபீஸ் போற பஸ்ல ஆடியோபுக்கா ஒரு சரித்திர நாவல் கேட்டு முடிச்சேன். 5ஆம் நூற்றாண்டு அயர்லாந்து, பழைய மதத்து ட்ரூயிட் பூசாரி வளர்த்த ஒரு பொண்ணு, ஊருக்குப் புதுசா வர்ற கிறிஸ்தவத் துறவிங்க. தங்க அரிவாளோட ட்ரூயிட் ஓக் மரம் ஏறி புல்லுருவி அறுக்குற சீன் கண்ணுலயே நிக்குது. நாவல்ல ஒரு பாட்டி சொல்ற லிர் பிள்ளைங்க கதையில, சாபத்தால 900 வருஷம் அன்னமா திரிஞ்ச நாலு பேரும் சர்ச் மணி கேட்டதும் கிழடாகி செத்துப் போறாங்க, பஸ்லயே கண்ணு கலங்கிடுச்சு. இவ்ளோ அழகான நம்பிக்கைய இந்தத் துறவிங்க அழிச்சுட்டாங்களேன்னு ஒரே கோபம். 1.5 ஸ்பீட்ல வச்சதால சீக்கிரமே முடிச்சுட்டேன். ஒரு சந்தேகம், காதால கேட்டா படிச்ச கணக்குல வருமா?

— ஒரு தம்பி

அன்புள்ள தம்பி,

கண்ணு கலங்கிடுச்சுன்னு எழுதினீங்க பாருங்க, அதுக்காகத்தான் பதில் போடறேன், கொஞ்ச நாளா நானும் இந்த அயர்லாந்துக் கதைங்களுக்குள்ளதான் கிடக்கேன். படிச்ச கணக்கா இல்லையான்னு யாருகிட்ட கணக்கு காட்டப் போறீங்க? அதை விடுங்க.

ஆனா 1.5 ஸ்பீடு! என்ன அவசரம் உங்களுக்கு? கெர்ரி மாவட்டத்துல கில்ரியலிக்னு கடலோரக் கிராமம், அங்க ஷான் ஓ கோனல்னு ஒரு பெரியவர், எழுதப் படிக்கத் தெரியாது. 1923ல நாட்டுப்புறக் கதை தேடிக்கிட்டு டெலார்கிங்கிற ஆய்வாளர் அவர்கிட்ட போய்ச் சேர்றப்போ, உக்காந்து கதை கேக்க ஊர்ல ஆளுங்களே குறைஞ்சு போயிருந்தாங்க. கதை மறந்துடக் கூடாதேன்னு மாடு மேய்க்கிற இடத்துல தனியா நின்னு கையை ஆட்டி, குரலை ஏத்தி இறக்கி சொல்லிப் பாப்பாராம், சந்தைக்குப் போயிட்டு மேட்டுல ஏறி வர்றப்போ முன்னால போற குதிரை வண்டியோட முதுகைப் பாத்துக்கிட்டே முழுக்கதையும் நடத்துவாராம். அப்படிக் காப்பாத்தி வந்த சரக்கு தம்பி இது, நீங்க என்னடான்னா ஓட்டி விடறீங்க.

தங்க அரிவாள் சீனுக்கு நான் மயங்கல. அது 1ஆம் நூற்றாண்டுல பிளினிங்கிற ரோமானியர் கால் தேசத்தைப் பத்தி, அதாவது இன்னைக்கு பிரான்ஸ் இருக்கற பக்கத்தைப் பத்தி எழுதின ஒரு பத்தி, அதைத் தூக்கி 400 வருஷம் தள்ளி அயர்லாந்துல நட்டுட்டாங்க. அந்தப் புல்லுருவி அயர்லாந்து மண்ணுக்குச் சொந்தச் செடியே இல்ல. போகட்டும், நாவல்தானே.

அந்தக் கோபத்தைத்தான் என்னால விட முடியல. துறவிங்க அழிச்சாங்களா? ட்ரூயிடுங்க வேதப்பாட்டை எழுதி வைக்கறது தப்புன்னு நெனச்சாங்க, மனப்பாடம் பண்ண சிலர் 20 வருஷம் குருகிட்ட கிடந்தாங்கன்னு சீசரே எழுதியிருக்கார். அவர் சொல்றதும் கால் தேசத்து ட்ரூயிடுங்களைத்தான், அயர்லாந்துலயும் பாட்டு வாய்வழியாத்தான் போயிட்டிருந்தது. அந்த வாயெல்லாம் போனதும் பாட்டும் போச்சு, அவங்க கையால எழுதின ஒரு பாட்டு கூட நம்மகிட்ட கிடையாது. அப்போ கூகுலின்ங்கிற வீரனும் மேவ் ராணியும் காளைமாட்டுக்காக நடந்த அந்தப் பெரிய சண்டையும் நமக்கு எப்படி வந்துச்சு? 1100 வாக்குல க்ளான்மக்நாய்ஸ் மாதிரி மடங்கள்ல, சிலுவை போட்ட ஆளுங்க கன்னுக்குட்டித் தோல்ல இறகைத் தொட்டுத் தொட்டு எழுதினதால வந்துச்சு.

இன்னும் கேளுங்க. 12ஆம் நூற்றாண்டுல லென்ஸ்டர் புத்தகம்னு ஒண்ணு, அதுல அந்தக் காளைச் சண்டைக் கதை முடியற இடத்துல ரெண்டு குறிப்பு இருக்கு. முதல்ல ஐரிஷ்ல, இதை இப்படியே உருமாத்தாம மனப்பாடம் பண்றவங்களுக்கெல்லாம் ஆசீர்வாதம்னு. உடனே கீழ லத்தீன்ல, இதை எழுதின நான் இந்தக் கதையில பல விஷயத்தை நம்பல, சிலது பேயோட ஏமாத்து, சிலது கவிஞன் கட்டினது, சிலது முட்டாளுங்க ரசிக்கறதுக்குன்னு. அதாவது பேயோட வேலைன்னு நெனச்சதையும் ஒரு வரி விடாம எழுதி வச்சிருக்காங்க! எனக்கு நாவல் வேணும்னா இந்த ஆளைப் பத்தி வேணும். நீங்க சொல்றதைப் பாத்தா உங்க நாவல்ல வர்ற துறவியெல்லாம் மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு சாபம் விடறவன்தான், ட்ரூயிடெல்லாம் தாடி வச்ச நல்லவர்தான், இந்த சோம்பேறித்தனத்துக்கு நீங்க கண்ணீர் வேற விட்டிருக்கீங்க.

கில்டேர்ல பிரிஜித் புனிதையோட நெருப்பை 19 கன்னியாஸ்திரிங்க ஆளுக்கு ஒரு ராத்திரி காத்தாங்க, 20ஆவது ராத்திரி பிரிஜித்தே பாத்துப்பாங்கன்னு விட்டுடுவாங்கன்னு 12ஆம் நூற்றாண்டுல கெரால்டுன்னு ஒரு பாதிரியார் எழுதியிருக்கார். அணைஞ்சு போன அந்த நெருப்பை 1993ல திரும்ப ஏத்தினது யாரு? கன்னியாஸ்திரிங்கதான். அது பிரிஜித்ங்கிற அதே பேருள்ள பழைய தேவதையோடதா புனிதையோடதான்னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க, எனக்கு ரெண்டும் சரிதான்.

லிர் பிள்ளைங்க கதை 5ஆம் நூற்றாண்டுப் பாட்டி வாயில வர வாய்ப்பே இல்ல, எழுத்துல கிடைக்கறதே பல நூற்றாண்டு கழிச்சுத்தான். ஆனா அழுதது அழுததுதான், அதுல தப்பில்ல. ஒண்ணு மட்டும், அந்த மணி அவங்களைக் கொல்லல தம்பி, சாபம் தீர்ற நேரம் வந்துச்சுன்னு சொல்றதே அந்த மணிதான், கொன்னது 900 வருஷ வயசு. அந்த சாப்டரை நார்மல் ஸ்பீட்ல இன்னொரு தடவை கேட்டுட்டு, அப்பவும் துறவிங்க மேல கோபம் போகலைன்னா எழுதுங்க, சண்டை போடலாம்.