கேள்வி பதில்: இருட்டுக்கு எத்தனை வெள்ளி?

கே: பழைய இத்தாலியத் திகில் படங்களை 'ஜியல்லோ' என்கிறார்கள். மஞ்சள் என்று அர்த்தமாமே, நம் மஞ்சள் பத்திரிகை மாதிரியா?
– வாசகர், சுங்கை பட்டாணி

ப: இல்லை. அது அட்டையின் நிறம். மொண்டடோரி பதிப்பகம் 1929-இல் துப்பறியும் கதைகளை மஞ்சள் அட்டை போட்டு வெளியிட ஆரம்பித்தது. அவை நன்றாக விற்கவே, இத்தாலியில் துப்பறியும் கதைக்கே 'மஞ்சள்' என்ற பெயர் நின்றுவிட்டது. அப்புறம் சினிமாவுக்கும் வந்தது. மாத நாவல் படித்து வளர்ந்தவர்களுக்கு அந்த ருசி உடனே பிடிபடும்.

கே: நாங்கள் நான்கு நண்பர்கள். கையில் 6,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீடு (கீழே கடை, மேலே வீடு) இரண்டு இரவுக்குக் கிடைக்கிறது. ஜியல்லோ எடுத்த இத்தாலிய இயக்குநர்கள் மரியோ பாவா, தாரியோ அர்ஜெந்தோ பாணியில் இருபது நிமிடப் படம் எடுக்க ஆசை. முடியுமா?
– கல்லூரி மாணவர், பட்டர்வொர்த்

ப: முடியும் தம்பி. ரத்தத்துக்கும் ரப்பர் கழுத்துக்கும் மட்டும் காசைக் கொட்டாதீர்கள். வெளிச்சத்துக்கும் ஒலிக்கும் வையுங்கள்.

மரியோ பாவா முதலில் ஒளிப்பதிவாளர். 1964-இல் 'பிளட் அண்ட் பிளாக் லேஸ்' எடுத்தபோது கேமராவை நகர்த்தச் சரியான வண்டிக்குக் காசில்லை. குழந்தைகள் இழுத்து விளையாடும் வண்டியில் வைத்து இழுத்தார். அந்தப் படத்தில் ஒரு மூலை சிவப்பு, ஒரு மூலை பச்சை, நடுவில் கன்னங்கரேல் என்று இருட்டு. படம் பணக்காரக் களையோடு இருப்பது அதனால்தான்.

நான் பினாங்கில் பதினெட்டு வருஷம் கல்யாண வீடியோ எடுத்தவன். ஒரு கல்யாணத்தில் மேடை சிவப்பாகத் தெரிய வேண்டும் என்றார்கள். ஹாலஜன் விளக்கின் முன்னால் செலோஃபன் தாளைக் கட்டினேன். தாலி கட்டுவதற்குள் தாள் சுருண்டு, கருகி, விரல் அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. அதன் வழியே வெள்ளை வெளிச்சம் மணப்பெண்ணின் கன்னத்தில் ஒரு கோடாக நின்றது. வீட்டில் ஓட்டிப் பார்த்தபோது அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. சுற்றிலும் நிறம், முகத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை: பாவாவிடம் இருப்பதும் இதுதான் என்று பிற்பாடுதான் புரிந்தது. இப்போது எல்.இ.டி. விளக்கு சுடாது. இரண்டை வாடகைக்கு எடுங்கள். மூன்றாவது வேண்டாம், இருட்டு போய்விடும்.

கடைவீடே உங்களுக்குப் பாதி வேலையைச் செய்து கொடுக்கும். மரச் சன்னல் பலகைகளுக்குப் பின்னால் விளக்கை வைத்தால் சுவர் முழுக்க வரிவரியாக நிழல். நடு முற்றத்தில் மேலிருந்து மழை. சில பழைய வீடுகளில் மாடித் தரையில், வாசலுக்கு நேர் மேலே, ஒரு சின்னப் பலகை இருக்கும். அதைத் தூக்கினால் கீழே கதவைத் தட்டுவது யார் என்று தெரியும். உங்கள் வீட்டில் இருக்கிறதா, பாருங்கள். இருந்தால் கதையை அங்கிருந்து தொடங்குங்கள். மேலிருந்து பார்ப்பவளுக்கு உச்சந்தலையும் ஒரு கையும்தான் தெரியும். முகம் தெரியாது. அதை வைத்து அவள் ஒன்றை முடிவு செய்கிறாள். அந்த முடிவு தப்பு.

இந்த வகைப் படங்களின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அர்ஜெந்தோவின் முதல் படத்தில் (1970) நாயகன் இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு ஒரு தாக்குதலைப் பார்க்கிறான். பார்த்ததில் ஏதோ இடிக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை. படம் முழுக்க அதே தவிப்பு. இந்தப் படங்களில் கொலைகாரன் போடும் கறுப்புக் கையுறையை எந்தக் கடையிலும் வாங்கலாம். இந்தத் தவிப்பை நீங்கள்தான் எழுத வேண்டும்.

ஒலி விஷயத்தில் ஒரு சௌகரியம். அந்தக் கால இத்தாலியர்கள் வசனத்தைப் பின்னால்தான் சேர்த்தார்கள். நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் பேசுவதும் உண்டு. நீங்களும் வசனத்தை டப்பிங்கில் பேசிக்கொள்ளுங்கள். தெருவில் மோட்டார் சைக்கிள் போகிறதே என்று நடிப்பை நிறுத்த வேண்டாம். ஆனால் மாடிப்படி முனகுவது, பலகை உராய்வது, முற்றத்தில் நீர் சொட்டுவது, இவற்றை அதே வீட்டில் விடியற்காலை நாலு மணிக்குத் தனியாகப் பதிவு செய்யுங்கள். வீட்டுக்காரரிடம் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தெருவில் எடுப்பதாக இருந்தால் மாநகர் மன்றத்திலும் கேட்டுவிடுங்கள்.

கே: என் மகளுக்கு இந்தப் படங்கள் பிடிக்கின்றன. பெண்களை அழகாகக் காட்டிக் கொல்வதை எப்படி ரசிப்பது?
– குடும்பத்தலைவி, பிரிக்பீல்ட்ஸ்

ப: சரியான கேள்வி அம்மா. அந்தக் குறை உண்மை, நான் மறைக்க மாட்டேன். சில படங்களை நானே பாதியில் நிறுத்தியிருக்கிறேன். அர்ஜெந்தோ தன் படங்களில் கொலைகாரனின் கைகளாகத் தன் கைகளையே காட்டினார் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் 'சஸ்பீரியா' (1977) வேறு மாதிரி. அதில் பயப்படுபவளும், தேடுபவளும், கடைசியில் கதவைத் திறப்பவளும் ஒரு பெண்தான். நடனப் பள்ளியில் இரவில் மற்றவர்கள் நடக்கும் காலடிகளை எண்ணியே அவள் வழி கண்டுபிடிக்கிறாள். மகளோடு அதைப் பாருங்கள். ரத்தம் அதிகம், பகலில் பார்ப்பது நல்லது. பார்த்த பிறகு எந்த இடம் பிடித்தது என்று அவளிடமே கேளுங்கள். காலடி எண்ணும் இடத்தைச் சொன்னாள் என்றால் எனக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.