கலெக்டர் வேறு, பொருளாதார அதிகாரி வேறு: ஒரு மளிகைக்கடை அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி, வணக்கம்.

போன வாரம் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் நின்றபடியே பதில் சொல்லியிருக்கக் கூடாது. கடையை யாரிடமோ விட்டுவிட்டு வந்த அவசரம் உங்களுக்கு. அதனால் இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு படியுங்கள், மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அவளை பி.காம். சேர்த்து, கூடவே சி.ஏ. படிக்க வைக்க வேண்டும் என்பது உங்கள் எண்ணம். பி.ஏ. பொருளாதாரம் படித்து டெல்லியில் அரசாங்கப் பொருளாதார அதிகாரி ஆவேன் என்கிறாள் அவள். "கலெக்டர் ஆகத்தானே ஆசைப்படுகிறாள், அதற்கு எந்த டிகிரி படித்தால் என்ன?" என்று கேட்டீர்கள். நீங்கள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவள் சொன்னது கலெக்டர் வேலையை இல்லை. அதை முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் கடையிலிருந்தே சொல்கிறேன். 2024 செப்டம்பரில் பாமாயில், சூரியகாந்தி எண்ணெய் விலை திடீரென்று ஏறியது நினைவிருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அதுவரை அடிப்படை இறக்குமதி வரி இல்லை. அந்த மாதம் மத்திய அரசு அதை 20 சதவீதம் ஆக்கியது. 2025 மே மாதக் கடைசியில் 10 சதவீதமாகக் குறைத்தது. எண்ணெய் வித்து பயிரிடும் விவசாயிக்கு விலை கிடைக்க வேண்டும், கடையில் வாங்குகிறவருக்கும் கட்டுப்படியாக வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை சதவீதம் சரி? வரியை ஏற்றினால் மில்காரர் என்ன செய்வார், பண்டிகைக் காலத்தில் சில்லறை விலை எவ்வளவு கூடும்? முடிவெடுப்பது அமைச்சர்கள். ஆனால் அவர்கள் மேசைக்குக் கோப்பு போகும் முன், கணக்குப் போட்டு, நன்மை தீமை எழுதிக் கொடுக்க ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களில் ஒருத்தியாக இருக்கத்தான் உங்கள் மகள் ஆசைப்படுகிறாள்.

துவரம் பருப்பும் அப்படித்தான். 2015இல் கிலோ 200 ரூபாயைத் தொட்டபோது வாடிக்கையாளர்களிடம் நீங்கள்தான் பேச்சு வாங்கியிருப்பீர்கள். அடுத்த ஆண்டு, அப்போது மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த அரவிந்த் சுப்பிரமணியன் தலைமையில் பருப்பு பற்றி ஒரு குழு போட்டார்கள். ஆதரவு விலையை உயர்த்துவது, அரசே கொள்முதல் செய்து இருப்பு வைப்பது என்று அந்தக் குழு பரிந்துரை எழுதியது. உங்கள் தராசுக்கும் டெல்லிக் கோப்புக்கும் இருக்கும் இந்தத் தொடர்பை அவள் பதினேழு வயதிலேயே பிடித்துவிட்டாள் என்றால், அதை நான் சாதாரணமாக நினைக்க மாட்டேன்.

இந்த வேலைக்கென்று மத்திய அரசில் ஒரு தனிப் பணியே உண்டு. இந்தியப் பொருளாதாரப் பணி, சுருக்கமாக ஐ.இ.எஸ். 1961இல் தொடங்கியது. நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறை இதை நிர்வகிக்கிறது. ஆள் எடுப்பது மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையமான யு.பி.எஸ்.சி.தான், ஆனால் ஐ.ஏ.எஸ். தேர்வு வேறு, இது வேறு. முதல்நிலைத் தேர்வு கிடையாது. விரித்து எழுதும் ஆறு தாள்கள், மொத்தம் 1000 மதிப்பெண். அதில் 800 பொருளாதாரத்துக்கு, மீதி ஆங்கிலத்துக்கும் பொது அறிவுக்கும். அப்புறம் 200 மதிப்பெண்ணுக்கு நேர்முகத் தேர்வு. பொருளாதாரத்திலோ அதன் நெருங்கிய பிரிவுகளிலோ முதுகலைப் பட்டம் கட்டாயம். வயது 21 முதல் 30 வரை. பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று ஆண்டும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஐந்து ஆண்டும் தளர்வு உண்டு. பி.காம். மட்டும் முடித்துவிட்டு இந்தக் கதவைத் தட்ட முடியாது. அதனால்தான் இப்போதே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

தேர்வானவர்களுக்கு டெல்லியில் பொருளாதார வளர்ச்சி நிறுவனத்தில் பயிற்சி உண்டு. பிறகு அமைச்சகங்களில் போடுவார்கள். பட்ஜெட்டுக்கு முன் நாடாளுமன்றத்தில் வைக்கும் பொருளாதார ஆய்வறிக்கையைத் தயாரிக்கும் பிரிவு, மாதாமாதம் மொத்த விலைக் குறியீட்டை வெளியிடும் பொருளாதார ஆலோசகர் அலுவலகம், 22 பயிர்களுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலையைக் கணக்கிட்டுப் பரிந்துரைக்கும் ஆணையம், நிதி ஆயோக், நுகர்வோர் துறையின் விலைக் கண்காணிப்பு என்று பல இடங்களில் வேலை. அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கும் தொடக்கம் இதேதான்.

சரி, கசப்பான பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இதை மறைத்துவிட்டு உங்கள் மகளுக்கு நான் வழி சொல்லக் கூடாது.

இந்த வேலையில் மாவட்டம் கிடையாது, வாசலில் மனுவோடு கூட்டம் நிற்காது. ஊரில் யாருக்கும் இந்தப் பதவியின் பெயர்கூடத் தெரியாது. சொந்தக்காரர்களுக்கு விளக்கியே உங்களுக்கு வாய் வலிக்கும். பெரும்பாலும் டெல்லி வாசம். எழுதிய குறிப்பை மேலே இருப்பவர் ஏற்காமல் போவது அடிக்கடி நடக்கும், அதைத் தாங்கும் மனம் வேண்டும். காலியிடங்களோ மிகக் குறைவு: ஓர் ஆண்டு பத்துக்குக் கொஞ்சம் மேலே, இன்னோர் ஆண்டு இருபதுக்குப் பக்கம், அவ்வளவுதான், நாடு முழுவதற்கும் சேர்த்து. உயர உயரப் பொருளாதார ஆலோசகர், அதாவது இணைச் செயலாளருக்குச் சமமான நிலை, அதற்கு மேல் முதன்மை ஆலோசகர் வரை போகலாம். தொலைக்காட்சியில் பார்க்கும் தலைமைப் பொருளாதார ஆலோசகர் பதவிக்கு அண்மைக் காலத்தில் வந்தவர்கள் பல்கலைக்கழகம், ஆய்வு நிறுவனம் என்று வெளியிலிருந்து வந்தவர்கள். கௌசிக் பாசு, ரகுராம் ராஜன், அரவிந்த் சுப்பிரமணியன், இப்போதிருக்கும் அனந்த நாகேஸ்வரன், யாரும் ஐ.இ.எஸ். வழியாக வரவில்லை. இது தெரிந்த பிறகும் அவளுக்கு ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள்.

வெளியிலிருந்து வந்தவர்கள் என்றதும் ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மன்மோகன் சிங்கைப் பிரதமராகத்தான் நமக்குத் தெரியும். அதற்கு முன் பல ஆண்டுகள் அவர் அரசாங்கத்தில் பொருளாதார அதிகாரி. அப்பா உலர்பழ வியாபாரி. மகன் டாக்டராக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை, அதனால் கல்லூரியில் மருத்துவத்துக்கு முந்தைய படிப்பில் சேர்ந்தார். சில மாதங்களில் விட்டுவிட்டார். கொஞ்ச நாள் அப்பாவின் கடையில் இருந்தார். பிறகு 1948இல் அமிர்தசரஸில் இந்து கல்லூரியில் சேர்ந்து பொருளாதாரம் படித்தார். கேம்பிரிட்ஜ் போனார், ஆக்ஸ்போர்டில் இந்தியாவின் ஏற்றுமதி பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்தார், ஐ.நா. அமைப்பில் வேலை பார்த்தார், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பாடம் நடத்தினார். 1971இல் வணிக அமைச்சகம் அவரைப் பொருளாதார ஆலோசகராகக் கூப்பிட்டது. அடுத்த ஆண்டே நிதி அமைச்சகத்தில் தலைமைப் பொருளாதார ஆலோசகர், 1976இல் அங்கேயே செயலாளர், 1982இல் ரிசர்வ் வங்கி ஆளுநர். சிவில் சர்வீஸ் தேர்வு எதையும் எழுதாமல் செயலாளர் நாற்காலி வரை போனவர் அவர். இருபது வயதில் கற்றுக்கொண்ட பாடம்தான் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

நம் பக்கத்து ஆள் ஒருவரும் இருக்கிறார். அரியலூரில் பிறந்த சி. ரங்கராஜன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் ஆசிரியராக இருந்து, ரிசர்வ் வங்கியில் துணை ஆளுநராக நுழைந்து 1992இல் ஆளுநரானார்.

"அப்படியானால் சக்திகாந்த தாஸ்?" என்று நீங்கள் கேட்கலாம். நம் தமிழ்நாட்டு ஐ.ஏ.எஸ். பிரிவுக்காரர், வரலாறு படித்தவர், ரிசர்வ் வங்கி ஆளுநராகவும் இருந்தார். உண்மைதான். 2008 முதல் 2013 வரை ஆளுநராக இருந்த சுப்பாராவ் இயற்பியல் படித்து 1972 சிவில் சர்வீஸ் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் வந்தவர், பிற்பாடு பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஐ.ஏ.எஸ். வழியாகவும் இந்த உலகத்துக்குள் வரலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வழியில் எந்தத் துறை கிடைக்கும் என்பது நம் கையில் இல்லை. பத்து ஆண்டுகள் சட்டம் ஒழுங்கும் வெள்ள நிவாரணமும் பார்க்க மனமுள்ளவருக்கு அது நல்ல வழி. விலைவாசிக் கேள்வியை மட்டும் மனதில் வைத்திருப்பவருக்கு அது சுற்றுவழி.

என் அனுபவத்தில் மிகவும் வருத்தப்பட்டது ஒரு மாணவரை நினைத்துத்தான். பி.ஏ. முடித்த கையோடு பயிற்சி மையத்தில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகள். தேர்வு கைகூடவில்லை. வெளியே வந்தபோது கையில் இருந்தது ஒரு பி.ஏ.வும் கட்டுக்கட்டாக நடப்பு நிகழ்வுக் குறிப்புகளும் மட்டுமே. அவர் கெட்டிக்காரர், உழைப்பாளி. முதுகலை படித்துவிட்டுத் தேர்வுக்குப் போயிருந்தால், தோற்றாலும் பக்கத்திலேயே நான்கு கதவு திறந்திருக்கும். ரிசர்வ் வங்கியின் பொருளாதார, கொள்கை ஆய்வுத் துறைக்கு கிரேடு பி அதிகாரிகளைத் தனியாக எடுக்கிறார்கள். வங்கிகளுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் பொருளாதாரம் படித்தவர்கள் தேவை. நெட் என்ற தகுதித் தேர்வை எழுதிக் கல்லூரி ஆசிரியராகலாம். அதனால்தான் எல்லாரிடமும் பிடிவாதமாகச் சொல்கிறேன்: பாடம் முதலில், பரீட்சை அப்புறம். பரீட்சைக்காகவே ஆண்டுகளைக் கொடுத்துவிட்டு பாடத்தை விட்டுவிடக் கூடாது.

பாடம் என்றால் இங்கே கணக்கு. நம் ஊரில் பொருளாதாரம் என்பது மனப்பாடம் செய்யும் ஆர்ட்ஸ் பாடம் என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. ஐ.இ.எஸ். முதல் பொருளாதாரத் தாளிலேயே வகைநுண்கணிதம், அணிகள், புள்ளியியல் எல்லாம் வருகின்றன. மகள் வணிகக் கணிதம் எடுத்திருக்கிறாள் என்று சொன்னீர்கள், அது நல்ல தொடக்கம். கோடை விடுமுறையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களை வாங்கி, வகைநுண்கணிதமும் நிகழ்தகவும் மட்டுமாவது போட்டுப் பார்க்கட்டும். கல்லூரியைத் தேடும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பி.ஏ. பொருளாதாரத்தோடு கணிதமும் புள்ளியியலும் துணைப்பாடமாக நடத்துகிறார்களா என்று கேளுங்கள். அப்படி நடத்தினால் அரசுக் கல்லூரியே போதும், பணத்தை மேல்படிப்புக்கு மிச்சம் வையுங்கள்.

முதுகலைக்குத்தான் நல்ல இடம் முக்கியம். சென்னையில் ராஜா செல்லையா 1993இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் இருக்கிறது. டெல்லி ஸ்கூல், ஜே.என்.யூ., ஹைதராபாத் பல்கலைக்கழகம், இந்தியப் புள்ளியியல் நிறுவனம், மும்பையில் ரிசர்வ் வங்கி உருவாக்கிய இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனம் எல்லாம் நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கும் இடங்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் உங்களைப் பயமுறுத்தாது.

இன்னொன்று ஆங்கிலம். ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஐ.இ.எஸ். அப்படி இல்லை, ஆங்கிலத்தில் மட்டும்தான். தமிழ்வழியில் படித்த பெண்ணுக்கு இது பெரிய மலையாகத் தெரியும், ஆனால் ஐந்து ஆண்டுகள் இருக்கின்றன. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் நிதிநிலை பற்றி வெள்ளை அறிக்கை வெளியிட்டது. தமிழிலும் இருக்கிறது, ஆங்கிலத்திலும் இருக்கிறது. ஒரு பக்கம் தமிழில் படித்து, அதே பக்கத்தை ஆங்கிலத்தில் படித்து, பிறகு தன் சொந்த வாக்கியத்தில் ஐந்து வரி எழுதட்டும். இப்படி ஆறு மாதம் செய்தால் மொழியும் வரும், மாநிலத்தின் வரவு செலவும் பிடிபடும்.

கல்யாணப் பேச்சையும் எடுத்தீர்கள். கணக்கு இதுதான்: இப்போது பதினேழு; இளங்கலை, முதுகலை முடிக்கும்போது இருபத்திரண்டு. அதற்குப் பிறகு தேர்வுக்கு இரண்டு முயற்சி வைத்துக்கொண்டாலும் இருபத்துநாலு. அதுவரை அவளை விட்டுக்கொடுங்கள், அண்ணாச்சி. நடுவில் எங்கேயும் நிறுத்தாதீர்கள். அந்த வயதுக்குள் கையில் ஒரு நல்ல முதுகலைப் பட்டம் இருக்கும். தேர்வு வந்தால் வரட்டும், வராவிட்டாலும் சம்பாதிக்கிற பெண்ணாக இருப்பாள்.

முடிவெடுப்பதற்கு முன் ஒரு வேலை கொடுங்கள். நாளையிலிருந்து மூன்று மாதம், வாரத்துக்கு ஒருமுறை உங்கள் கடையின் கொள்முதல் விலையையும் விற்ற விலையையும் அவளே ஒரு நோட்டில் எழுதட்டும். துவரம் பருப்பு, உளுந்து, வத்தல், பாமாயில், இந்த நான்கு மட்டும். விலை மாறும் வாரத்தில் ஏன் மாறியது என்று விசாரிக்கட்டும்: உங்களிடம், கமிஷன் மண்டிக்காரரிடம், செய்தித்தாளில். மூன்றாவது வாரத்தில் சலித்துப்போய் நோட்டை மூடிவிட்டால் பி.காம். விண்ணப்பத்தை நிரப்புங்கள், அவளும் சங்கடப்பட மாட்டாள். நீங்கள் கேட்காமலேயே ஐந்தாவதாக ஒரு பொருளைச் சேர்த்து எழுதியிருந்தால், அந்த நோட்டோடு அவளை என்னிடம் அனுப்புங்கள். நீங்கள் வர வேண்டியதில்லை, கடையைப் பாருங்கள். எந்தக் கல்லூரி என்பதை நானும் அவளும் உட்கார்ந்து பேசிக்கொள்கிறோம்.