கணவரும் இல்லை, வேலையும் முடிந்தது. பக்தி ஒரு பிடிப்பைத் தருமா?

அம்மா, நீங்கள் கேட்டது: கணவர் மறைந்த சில மாதங்களில் பணி ஓய்வும் வந்துவிட்டது. எதற்காக எழுந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை. சிவன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுத் திரும்பினால் வீட்டில் அதே வெறுமை. இதற்கு வழி உண்டா?

உண்டு. சைவத்தில் அதற்குத் திருத்தொண்டு என்று பெயர். தரிசனம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நீங்கள் போகாவிட்டால் நின்றுபோகிற ஒரு வேலை கோயிலில் உங்கள் பொறுப்பில் இருந்தால், மறுநாள் காலை எழுந்திருக்க ஒரு காரணம் இருக்கும்.

திலகவதியாரின் கதையைப் பெரியபுராணத்தில் நிதானமாகப் படியுங்கள். தந்தை நோயில் போனார், தாயும் உடன் போனார். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்தார். உயிரை விடத் துணிந்த அந்தப் பெண் தம்பி மருள்நீக்கியாருக்காகவே வாழ ஒப்பினார். அந்தத் தம்பியும் பின்னாளில் சமணம் சேர்ந்து பிரிந்து போனார். எல்லாம் போன பிறகு அவர் திருவதிகை வீரட்டானம் என்ற சிவன் கோயிலுக்கு வந்து செய்தது என்ன? பொழுது புலருமுன் பெருக்குவது, சாணத்தால் மெழுகுவது, பூக்கொய்து மாலை கட்டுவது. ஈன்றணிமை நீங்கிய, அதாவது கன்று போட்டுச் சில நாள் கழிந்த பசுவின் சாணம் என்பது வரை சேக்கிழார் சொல்கிறார். சூலை நோயோடு, அதாவது கடும் வயிற்றுவலியோடு, தம்பி திரும்பி வந்தபோதும் அவர் வேலையை நிறுத்தவில்லை. துடைப்பமும் மெழுகும் சாணமும் தண்ணீர்த் தோண்டியும் எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டே விடியலில் கோயிலுக்குப் போனார். அந்தத் தம்பிதான் பிறகு உழவாரம் என்ற புல்செதுக்கும் கருவியைக் கையில் பிடித்த திருநாவுக்கரசர், அதாவது அப்பர். கணவரை இழந்தவர் சாமிக்குப் பூத் தொடுக்கலாமா என்று யாராவது முகம் சுளித்தால், திலகவதியாரைக் காட்டுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது பூப்பணி. பெரிய கோயில்களில் எல்லாவற்றுக்கும் ஆள் இருப்பார்கள். நடந்து போகும் தூரத்தில், ஒருகாலப் பூஜை மட்டும் நடக்கும் சிறிய கோயிலாகப் பாருங்கள். குருக்களிடம் எந்தச் சன்னதிக்கு, எத்தனை முழம், எத்தனை மணிக்குள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோயில் நிலத்தில் செடி வைப்பதானால் செயல் அலுவலரிடமோ நிர்வாகியிடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள். நாலைந்து செவ்வரளி, இரண்டு நந்தியாவட்டை, ஒரு வில்வக் கன்று போதும். அரளியும் நந்தியாவட்டையும் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூக்கும். அரளியின் பால் நஞ்சு, பறித்ததும் கையைக் கழுவிவிடுங்கள். பூச்சி அரித்தது, தரையில் உதிர்ந்தது, முகர்ந்தது ஆகாது. தாழம்பூ சிவனுக்குக் கிடையாது. வில்வத்தை முதல்நாளே பறித்து வைத்துக்கொள்ளலாம். வாழைநாரை நனைத்துக்கொண்டு தொடுத்தால் அறுந்துபோகாது.

கல்தரையைச் சுத்தம் செய்யவும் மனம் வந்தால், எண்ணெய்ப் பிசுக்கில் பச்சரிசி மாவைத் தூவி ஊறவிட்டுப் பெருக்குங்கள், பிறகு சீயக்காய்த் தண்ணீரால் கழுவுங்கள். ஆசிடும் கம்பி பிரஷும் வேண்டவே வேண்டாம். கல்லும் தேயும், அதிலிருக்கும் கல்வெட்டும் போகும். கோபுரத்தில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கினால் வேரோடு செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் பெயர்ந்து வரும், அதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள்.

முதலில் ஒரு மண்டலம், 48 நாள், தினம் அரைமணி நேரம் மட்டும். வாரத்துக்கு ஐந்து கோயில் என்று ஆரம்பிப்பவர்கள் உடம்பு அசந்து சீக்கிரமே விட்டுவிடுகிறார்கள். சில வாரங்களில் பெரும்பாலும் ஒரு சலிப்பு வரும்: மனம் உருகவில்லை, வெறும் பூக்கட்டுகிற வேலையாக இருக்கிறதே என்று. அது இயல்பு. அன்றைக்கு ஒரு முழத்தோடு நிறுத்துங்கள், ஆனால் போகாமல் இருக்காதீர்கள். உருக்கம் வருகிற அன்று வரட்டும்.

அதைவிடப் பெரிய இடறல், பழைய பதவியைக் கோயிலுக்குள் கொண்டுவருவது. குழு, தலைவர், உபயம் என்று பலகையில் பெயர் என்று போனால் அலுவலகம்தான் இடம் மாறியிருக்கும். திருப்புகலூரில் உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் தெரிந்தபோது, அப்பர் அவற்றைப் பருக்கைக் கல்லோடு சேர்த்துக் குளத்தில் எறிந்துவிட்டு அடுத்த இடத்தைச் செதுக்கப் போனார் என்கிறது புராணம்.

தொடுக்கும்போது வாய் சும்மா இருக்க வேண்டாம். அப்பர் திருவதிகையில் முதன்முதல் பாடிய ‘கூற்றாயினவாறு’ பதிகம் பத்துப் பாட்டு, கொல்லிப் பண். இரண்டு நாளுக்கு ஒரு பாட்டு என்றால் மூன்று வாரத்தில் மனப்பாடமாகிவிடும். வலியில் கிடந்தவர் பாடியது, உங்களுக்குப் பொருந்தும்.

ஒன்று கண்டிப்பாக: தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தாலோ, வாழவே வேண்டாம் என்று தோன்றினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. தொண்டும் மருந்தும் ஒன்றுக்கொன்று தடையில்லை.

துக்கம் நடந்த வீட்டில் ஓராண்டு கோயிலுக்குள் போகும் வழக்கமில்லை என்று உங்கள் குடும்பத்தில் சொன்னால், சண்டை வேண்டாம். அதுவரை தொட்டியில் செடி வளர்த்து, வீட்டுப் பூஜைக்குத் தொடுத்து, பதிகத்தைப் படித்து வையுங்கள். முழங்கால் வலி இருந்தாலும் இதே வழிதான்: மாலையை வீட்டில் கட்டி, ஈரத்துணியில் சுற்றி, பூஜை நேரத்துக்கு முன் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.