கேள்வி – பதில்: சீசன் நேரத்துக் கடற்கரை ஊர்

கேள்வி: அக்கா, வேலை மாற்றலாகிக் கடற்கரை ஊருக்கு வந்த பிறகு எங்களுக்கு இது முதல் கோடை. வீட்டு வாசலை அடைத்து வண்டி நிறுத்துகிறார்கள். பக்கத்து வீட்டை நாள் வாடகைக்கு விடுவதால் ராத்திரியெல்லாம் சத்தம். எப்படிச் சமாளிப்பது?

பதில்: நானும் கடலோர ஊர்க்காரிதான். இங்கே 26 கோடை பார்த்தாயிற்று. முதல் கோடையில் தினமும் யாருடனாவது சண்டை போட்டேன். அப்புறம் என் நேரத்தை மாற்றிக்கொண்டேன். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நிதானமாகத்தான் எழுந்திருப்பார்கள். காலையில் தெரு நமக்குச் சொந்தம். கடை வேலையை அப்போதே முடித்துவிடுங்கள். பல் வைத்தியம், மோட்டார் பழுது போன்றவற்றை சீசனுக்கு முன்பே பார்த்துவிடுவது நல்லது.

வாசலில் அறிவிப்புப் பலகை வைத்துப் பார்த்தேன், யாரும் படிக்கவில்லை. எங்கள் எல்லைக்குள்ளேயே பெரிய பூந்தொட்டிகள் இரண்டை வைத்தேன், அன்றோடு தீர்ந்தது. சத்தத்துக்கு, புதிதாக வருகிறவர்களிடம் சாயங்காலமே போய், "வீட்டில் குழந்தை சீக்கிரம் தூங்கிவிடும்" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். நடு ராத்திரியில் கோபமாகக் கதவைத் தட்டுவதைவிட இது பலிக்கும். கேட்காதவர்களுக்காக வீட்டு உரிமையாளர் எண்ணையும் வாங்கி வையுங்கள். நாள் வாடகை வீடுகள் பெருகினால் சத்தத்தோடு நிற்காது, உள்ளூர்க்காரர்களின் வாடகையும் ஏறும். பார்சிலோனா நகர நிர்வாகம், சுமார் 10,000 சுற்றுலாக் குடியிருப்புகளின் உரிமங்களை 2028 நவம்பரோடு முடிக்கப்போவதாக 2024-இல் அறிவித்ததற்கு அதுதான் முக்கியக் காரணம்.

கேள்வி: சீசன் தொடங்கியதும் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது. இன்னும் ஆழப்படுத்தலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கடலோர மண்ணுக்கு அடியில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்புத் தண்ணீர் கொஞ்சம் கனம் கூடியது, அதனால்தான். கடல் மட்டத்துக்கு மேலே 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பாருங்கள்: மேலே கொஞ்சம் இறங்கினாலே கீழே உப்பு எவ்வளவு ஏறும்! மழையில்லாத மாதங்களில் விடுதிகள் எல்லாம் சேர்ந்து உறிஞ்சுவதால் நடப்பது இதுதான். ஆழப்படுத்தினால் நீங்களே உப்பின் பக்கத்தில் போய் நிற்கிறீர்கள்.

ஒரு கோடையில் தொட்டி நிறையட்டும் என்று மோட்டாரை 2 மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டினேன். அந்த வருடம் செடிகூடக் கருகியது. இப்போது காலையில் அரை மணி, மாலையில் அரை மணி மட்டும்தான். ஏறிய உப்பு ஒரு மழையில் இறங்கிவிடாது, ஆனாலும் கூரைத் தண்ணீரைச் சேமித்து மண்ணுக்குள் விடுங்கள். சீசனில் கழிவுத் தொட்டிகளும் நிரம்பி வழியும் என்பதால், தண்ணீரை ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். பிலிப்பைன்ஸில் போராகாய் தீவை 2018-இல் 6 மாதம் மூடிவைத்ததே, கழிவுநீர் கடலில் கலந்ததால்தான்.

கேள்வி: வருகிறவர்கள் ஆபத்து தெரியாமல் கடலில் இறங்குகிறார்கள். சொன்னால் முறைக்கிறார்கள். பேசாமல் இருந்துவிடலாமா?

பதில்: இருக்காதீர்கள். ஒருமுறை நான் பேசாமல்தான் இருந்தேன். அலையே இல்லாத இடமாகப் பார்த்து ஒரு பையன் இறங்கினான். சில நிமிடங்களில் அவன் தலை மட்டும்தான் தெரிந்தது, அதுவும் தூரத்தில். நல்லவேளை, யாரோ பந்தை வீசினார்கள், அதைப் பிடித்துக்கொண்டு மிதந்தான், படகில் போய்த் தூக்கி வந்தார்கள். அவன் அம்மா மணலில் உட்கார்ந்து அழுதது இன்னும் என் காதில் இருக்கிறது.

இரண்டு பக்கமும் அலை உடைய, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரிந்தால் அங்கே உள்ளிழுப்பு இருக்கக்கூடும். கரைக்கு வந்த தண்ணீர் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பும். வெளியூர்க்காரர்கள் கண்ணுக்கு அதுதான் பாதுகாப்பான இடமாகத் தெரிகிறது. இழுப்பு பலமாக இருக்கும்போது நல்ல நீச்சல்காரராலும் எதிர்த்து நீந்த முடியாது. கரையை நோக்கிப் போராடாமல், கரையை ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையைத் தூக்கி உதவி கேட்க வேண்டும்.

"இங்கே இறங்காதீர்கள்" என்றால் முறைக்கத்தான் செய்வார்கள். "பாதுகாவலர் நிற்கிற அந்தப் பக்கம் நன்றாக இருக்கும், பிள்ளைகளை அங்கே கூட்டிப் போங்கள்" என்று சொல்லிப் பாருங்கள், நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். யாராவது மாட்டிக்கொண்டால் நீங்கள் குதித்துவிடாதீர்கள். பாதுகாவலரைக் கூப்பிட்டுவிட்டு, மிதக்கிற எதையாவது வீசுங்கள். சீசன் முழுக்க எங்கள் வாசலில் மூடி இறுக்கிய காலி கேன் ஒன்று நீளக் கயிற்றோடு தொங்கும். பக்கத்துக் கடைப் பையனுக்கும் அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.